விட்டால் வருமா? யோகம் சொல்லும் பற்றின்மையும் நிறைவும்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் அழைத்தார் என்பதற்காக ஒரு யோக வகுப்புக்குப் போயிருந்தேன். காலையில் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் நன்றாகவே நடந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு இரண்டு தாள்கள் கொடுத்தார்கள். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். எதையெல்லாம் விட்டுவிடப் போகிறோம் என்று வெள்ளைத் தாளில் எழுத வேண்டும். கோபம், பயம், பத்து வருடத்துப் பங்காளிச் சண்டை என்று அவரவர் எழுதினார்கள். எல்லாத் தாள்களையும் ஓர் எவர்சில்வர் அன்னக்கூடையில் போட்டுக் கற்பூரம் வைத்து எரித்தோம். அடுத்தது மஞ்சள் தாள். காலியான இடத்தில் என்னென்ன வந்து நிறைய வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். என் பக்கத்தில் இருந்த அம்மாள் 'சொந்த வீடு, கார்ப்பரேஷன் எல்லைக்குள்' என்று எழுதினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கிறவருக்கு வேறு என்ன தோன்றும்? நானும் ஒன்று எழுதினேன். தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். "பதஞ்சலி சொன்னதும் இதுதான். விட்டால் வரும்" என்று பயிற்சியாளர் முடித்தார்.

யோக சூத்திரம் என்ற நூலை எழுதிய பதஞ்சலி அப்படிச் சொல்லவில்லை. எண்ணத்தால் செல்வத்தையும் ஆரோக்கியத்தையும் இழுத்துக்கொள்ளலாம் என்ற கருத்தைப் பரப்பியது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் எழுந்த 'நியூ தாட்' என்ற இயக்கம். அதன் பேரப்பிள்ளைகள்தாம் இன்று காவி உடுத்திக்கொண்டு யோக வகுப்புகளில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் கருத்து சரியா தவறா என்பது வேறு விவாதம். யோகம் சொல்வது வேறு, அது இதைவிடச் சுவாரசியமானது என்பதைக் காட்டுவதே இந்தக் கட்டுரையின் வேலை. சமஸ்கிருதம் தெரிய வேண்டியதில்லை. சில சொற்கள் வரும், ஒவ்வொன்றையும் வரும்போதே விளக்கிவிடுகிறேன்.

யோக சூத்திரம் நான்கு பாதங்கள், அதாவது பகுதிகள், கொண்ட சிறிய நூல். மொத்தம் 195 சூத்திரங்கள், சில பதிப்புகளில் 196. ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை அவற்றில் மூன்றே மூன்று. மீதியில் பெரும்பகுதி மனத்தைப் பற்றியது. சூத்திரம் என்பது தந்தி வாசகம் போன்றது, வினைச்சொல்கூடப் பல இடங்களில் இருக்காது. அதனால் வியாசர் பெயரில் வழங்கும் பழைய உரையோடு சேர்த்துப் படிப்பதே வழக்கம். நானும் அப்படியே செய்கிறேன்.

## தமிழுக்கு வந்து பொருள் மாறிய இரண்டு சொற்கள்

இந்த விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. முக்கியமான இரண்டு சொற்கள் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை. தெரிந்தவை என்பதுதான் சிக்கல்.

'அவள் வைராக்கியக்காரி, நினைத்ததை முடிக்காமல் விடமாட்டாள்' என்கிறோம். நம் பேச்சில் வைராக்கியம் என்றால் விடாப்பிடி. யோக சூத்திரத்தில் அது விடாப்பிடிக்கு நேர் எதிர், பிடி தளர்ந்த நிலை. ஒரே சொல் நம் ஊரில் தலைகீழாக நிற்கிறது. அடுத்தது சந்தோஷம். நமக்கு அது மகிழ்ச்சி, பெண்ணுக்கு வரன் அமைந்தால் வருவது. யோகத்தில் அது போதும் என்ற மனம். வரன் அமைந்தாலும் அமையாவிட்டாலும் இருக்க வேண்டியது.

இந்த இரண்டையும் நமக்குப் பழகிய பொருளில் வைத்துக்கொண்டு படித்தால் யோக சூத்திரம், 'விடாப்பிடியாக இரு, மகிழ்ச்சி வரும்' என்று சொல்வதாகத் தோன்றும். பலர் அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

## பரணில் இருப்பது என்ன?

எளிய இடத்திலிருந்து தொடங்குவோம். எங்கள் அம்மா வீட்டுப் பரணை இரண்டு பொங்கலுக்கு முன்பு ஒழித்தோம். ஸ்டூலில் ஏறி நான் எடுத்துக் கொடுக்க, அம்மா கீழே நின்று வாங்கிக்கொண்டார். மோட்டார் எரிந்துபோன மிக்ஸி, அதன் மூன்று ஜாடிகள். மூடி இல்லாத தூக்குச்சட்டி. தூக்குச்சட்டி இல்லாத மூடி. ஒரு கட்டைப்பைக்குள் நாற்பது கட்டைப்பைகள். என்னுடைய டைப்ரைட்டிங் லோயர் சான்றிதழ். தங்கை எட்டாவது படிக்கும்போது அடம்பிடித்து வாங்கி, மூன்று மாதத்தில் மூட்டை கட்டிய சுருதிப்பெட்டி. ஒவ்வொன்றையும் கையில் வாங்கி அம்மா சொன்ன ஒரே வாக்கியம்: "இருக்கட்டும், எதற்காவது ஆகும்."

இந்த 'இருக்கட்டும்' என்பதற்கு யோகம் வைத்த பெயர் பரிக்கிரகம். 'கிரக' என்றால் பிடித்தல். சூரியனைப் பிடிப்பது கிரகணம், கல்யாணத்தில் கையைப் பிடிப்பது பாணிக்கிரகணம். 'பரி' என்றால் சுற்றிலும். சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்வது பரிக்கிரகம், அதைச் செய்யாதிருப்பது அபரிக்கிரகம். யோகத்தின் எட்டு அங்கங்களில் முதலாவது இயமம், அதாவது நம்மை நாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் ஒழுக்கம். கொல்லாமை, வாய்மை, திருடாமை, பிரம்மச்சரியம், அபரிக்கிரகம் என்று அது ஐந்து.

பொருள் கெட்டது என்று உரையாசிரியர் சொல்வதில்லை. ஒரு பொருளோடு கூடவே வரும் ஐந்து செலவுகளைக் கணக்கெடுக்கிறார். அதைச் சம்பாதிக்கும் பாடு. அதைக் காக்கும் பாடு. அது தேய்ந்து அழிவதைப் பார்க்கும் பாடு. அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் பற்று. அதற்காகப் பிற உயிருக்குச் செய்யும் தீங்கு. இவற்றைப் பார்த்த ஒருவர் தாமாகவே 'வேண்டாம்' என்பதுதான் அபரிக்கிரகம். கடைக்காரர் சொல்லும் விலையோடு இந்த ஐந்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். துறவு என்றதும் நமக்குத் தோன்றும் கண்ணீரும் தியாகமும் இதில் இல்லை. இது வரவு செலவு தெரிந்த ஆளின் முடிவு.

சரி, அபரிக்கிரகம் நிலைத்தவருக்கு என்ன கிடைக்கும்? செல்வம் என்று எதிர்பார்ப்பீர்கள். சூத்திரம் வேறொன்றைச் சொல்கிறது: பிறவி எப்படி வந்தது, ஏன் வந்தது என்ற அறிவு வருமாம். 'நான் யாராக இருந்தேன்? எப்படி இருந்தேன்?' என்ற கேள்விகள் எழும் என்று உரை விரிக்கிறது. முற்பிறவி பற்றிய பேச்சு இது. அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஸ்டூலில் நான் நின்றபோது, இதன் சிறிய வடிவம் ஒன்று எனக்குப் புரிந்தது. நிமிடத்துக்கு இத்தனை வார்த்தை அடித்தால் அரசு வேலை நிச்சயம் என்று நம்பிய பையன் ஒருவன் இருந்தான். அவன் போய் இருபத்தைந்து வருடம் ஆகிறது, சான்றிதழ் மட்டும் பரணில் இருக்கிறது. பொருளைப் பிடித்திருக்கும்வரை அந்தப் பையனைப் பார்க்க முடியவில்லை. விடும்போதுதான் பார்த்தேன்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: யோகத்தில் விடுதல் என்பது பொருளை வெறுப்பதில்லை, அதன் முழுச் செலவையும் பார்ப்பது. அதற்குக் கூலியாக வேறு பொருள் வரும் என்ற பேச்சே அங்கு இல்லை.

## பால் திரிந்த காலை

பரணை ஒழித்தால் விடுதல் முடிந்துவிடுமா என்றால், இல்லை. எல்லாவற்றையும் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டு அன்றிரவே புது மிக்ஸிக்கு விளம்பரம் பார்க்கும் மனம் நம்முடையது. பிடி கையில் இல்லை, இன்னும் உள்ளே இருக்கிறது.

காலை ஆறு மணி. டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக ஃபில்டரின் அடித்தட்டில் இறங்கியிருக்கிறது. பாலை அடுப்பில் வைக்கிறீர்கள். பொங்குவதற்குப் பதிலாக ஓரத்தில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக விலகுகிறது. பால் திரிந்துவிட்டது. கடை திறக்க இன்னும் அரை மணி நேரம். அடுத்த பத்து நிமிடம் உங்களுக்குள் என்ன நடக்கிறதோ, அதுதான் யோக சூத்திரத்தின் பாடப் பொருள்.

முதன்முதலில் குடித்த நல்ல காபி ஒரு சுகம் தந்தது. சுகம் அன்றே முடிந்துவிட்டது. ஆனால் மனத்தில் ஒரு தடத்தை விட்டுப் போனது. அனுபவம் விட்டுச்செல்லும் இந்தத் தடத்துக்குச் சம்ஸ்காரம் என்று பெயர். மழைக்குப் பிறகு மண் ரோட்டில் விழுந்த வண்டித்தடம் போல, அடுத்த வண்டியின் சக்கரம் தானாகவே அதில் போய் இறங்கும், தடம் இன்னும் ஆழமாகும். எண்ணம் தடத்தை உண்டாக்குகிறது, தடம் எண்ணத்தை உண்டாக்குகிறது, இந்தச் சக்கரம் ஓயாமல் சுழல்கிறது என்று வியாசரும் சக்கரத்தைத்தான் சொல்கிறார்.

தடத்தில் தங்கிவிட்ட விருப்பத்துக்குப் பெயர் ராகம். சூத்திரம் அதற்குத் தரும் இலக்கணம், 'சுகத்தை ஒட்டிப் படுத்திருப்பது'. அடுப்பு அணைந்த பிறகும் அதன் சூட்டில் சுருண்டு கிடக்கிற பூனையை நினைத்துக்கொள்ளுங்கள். இதேபோல் துக்கத்தை ஒட்டிப் படுத்திருப்பது துவேஷம், வெறுப்பு. கவனியுங்கள், ராகம் காபியில் இல்லை, காபி கொடுத்த பழைய சுகத்தின் நினைவில் இருக்கிறது. அதனால்தான் தம்ளர் காலியாக இருக்கும்போது அது அதிகமாகத் துள்ளுகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் வீட்டில் யாரோ உங்களிடம் ஏதோ கேட்டிருப்பார்கள். காதில் விழுந்திருக்காது. இல்லாத ஒன்று, இருக்கும் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது.

ராகம் என்ற சொல்லின் வேரில் 'சாயம்' இருக்கிறது. பாட்டில் வரும் ராகமும் அதே சொல்தான், மனத்துக்கு நிறம் ஏற்றுவது. புதுச் சுங்குடிச் சேலையையும் வெள்ளை வேட்டியையும் ஒரே வாளியில் ஊறப் போட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வேட்டி கிழியவில்லை, நூலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறொன்றின் நிறம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். ராகம் நீங்கிய நிலை விராகம். அதிலிருந்து பிறந்த சொல் வைராக்கியம். நேரடியாகச் சொன்னால், சாயம் வெளுத்த நிலை.

## யார் வசம் யார்?

வைராக்கியத்துக்குப் பதஞ்சலி கொடுக்கும் இலக்கணத்தில் ஒரு சொல் நமக்கு நன்றாகப் பழக்கமானது: வசம். கண்ட பொருள்களிலும் கேள்விப்பட்ட பொருள்களிலும் தாகம் தணிந்தவருக்கு, 'இவை என் வசம்' என்ற தெளிவு இருக்கும், அதுவே வைராக்கியம் என்கிறார். நான் காபியின் வசம் இல்லை, காபி என் வசம். இருந்தால் குடிப்பேன். பால் திரிந்தால் வேறு வேலையைப் பார்ப்பேன். 'கேள்விப்பட்ட பொருள்கள்' என்று அவர் சொல்வது, சொர்க்கம் முதலாக நூல்கள் ஆசை காட்டும் பலன்களை. அந்த மஞ்சள் தாளும் இந்தக் கணக்கில்தான் சேரும். விடுவதற்குக் கிடைக்கப்போகும் பரிசின்மேல் வைக்கும் ஆசையும் தாகம்தான், அதையும் சேர்த்தே தணிக்கச் சொல்கிறது இந்த நூல்.

இதில் இரண்டு போலிகள் உண்டு. ஒன்று, வெறுப்பை வைராக்கியம் என்று நினைப்பது. காபியை விட்டுவிட்டு, குடிக்கிற ஒவ்வொருவரையும் ஏளனமாகப் பார்க்கிற ஆட்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்கள் காபியை விடவில்லை, ராகம் இருந்த இடத்தில் துவேஷத்தைக் குடிவைத்திருக்கிறார்கள். இரண்டாவது போலியை நம் பாட்டிமார் பெயர் வைத்தே கிண்டல் செய்திருக்கிறார்கள். பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம். வலியில் 'இனி வேண்டாம்' என்பது ஒன்று, கதாகாலட்சேபம் கேட்டுவிட்டு 'எல்லாம் மாயை' என்பது ஒன்று, சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது 'என்னத்தைக் கொண்டுபோகப் போகிறோம்' என்பது ஒன்று. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் மூன்றும் போய்விடும். தாளை எரிக்கும் சடங்கை நான்காவதாக இந்தப் பட்டியலில் சேர்ப்பேன்.

போலி நிலைக்காததற்குக் காரணம், தடம் அப்படியே கிடப்பதுதான். அதனால் வைராக்கியத்தை அறிமுகம் செய்யும் இடத்திலேயே பதஞ்சலி அதை அப்பியாசத்தோடு ஜோடி சேர்த்துச் சொல்கிறார். அப்பியாசம் என்றால் நீண்ட காலம், இடைவிடாமல், அக்கறையோடு செய்யும் பயிற்சி. பழைய தடத்தில் சக்கரத்தை இறக்காமல் இருப்பது வைராக்கியம், புதிய தடம் விழும்வரை வண்டியை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டே இருப்பது அப்பியாசம். ஒன்றை விட்டு ஒன்று செய்தால் பலன் இல்லை.

## மடை திறந்தால்

இப்போது எல்லாரும் காத்திருக்கும் இடத்துக்கு வருவோம். விடுவதற்கும் நிறைவதற்கும் யோகத்தில் தொடர்பே இல்லையா? இருக்கிறது. மிக அழகாகவே இருக்கிறது. ஆனால் அது நான்காம் பாதத்தின் தொடக்கத்தில், யாரும் அதிகம் புரட்டாத பக்கத்தில் இருக்கிறது.

ஓர் உயிர் ஒரு பிறவி வடிவத்திலிருந்து வேறொன்றாக எப்படி மாறுகிறது என்பது அங்கே கேள்வி. பிரகிருதி வந்து நிரப்புவதால் என்பது பதில். உடலுக்கும் மனத்துக்கும் மூலமாக இருக்கும் இயற்கைதான் பிரகிருதி. நிரப்புவதற்குப் பதஞ்சலி பயன்படுத்தும் சொல் 'ஆபூரம்'. பூரணம், பூர்த்தி எல்லாம் அந்தக் குடும்பம், கொழுக்கட்டைக்குள் வைக்கிறோமே, அந்தப் பூரணமும்தான். அடுத்த சூத்திரத்தில் ஓர் உழவர் வருகிறார். நல்வினை முதலான காரணங்கள் பிரகிருதியைத் தள்ளிவிடுவதில்லை. உழவர் வரப்பை வெட்டுவதுபோல, அவை தடையை மட்டும் நீக்குகின்றன.

இதைப் படித்தபோது எனக்கு மயிலாடுதுறைப் பக்கத்தில் இருந்த சித்தப்பாவின் வயல் நினைவுக்கு வந்தது. எங்கள் முறை வரும்போது பெரும்பாலும் இரவாகிவிடும். அவர் மண்வெட்டியோடு முன்னால் போக, நான் டார்ச் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். மேல் வயல் நிறைந்து தளும்பிக்கொண்டிருக்கும். சித்தப்பா வரப்பில் இரண்டு வெட்டு வெட்டி, ஒரு முழம் மண்ணை வாரிப் பக்கத்தில் போடுவார். தண்ணீர் உடனே பாயாது. நுரையும் வைக்கோல் துண்டுமாக வாய்க்குள் வந்து ஒரு நொடி தயங்கும். பிறகு ஒரே சத்தம். ஏழெட்டு வயதில், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு நான் ஒரு தகர டப்பாவால் மேல் வயலிலிருந்து மொண்டு கீழ் வயலில் ஊற்றினேன். சித்தப்பா சிரித்துவிட்டு, "தள்ளி நில்லுடா, அதற்கு வழி தெரியும்" என்றார்.

வியாசரின் உரையிலும் அச்சு அசலாக அதே காட்சி. நிறைந்த வயலிலிருந்து சமமான அல்லது தாழ்ந்த வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் உழவர், அதைக் கையால் அள்ளி ஊற்றுவதில்லை. தடுத்து நிற்பதை உடைக்கிறார், தண்ணீர் தானே பாய்கிறது. இன்னொன்றும் சொல்கிறார்: மண்ணின் சாரத்தை நெல்லின் வேருக்குள் உழவரால் புகுத்த முடியாது. களையை எடுத்துவிட்டால் அதுவாகவே ஏறும். களைகள் என்று அவர் பெயர் சொல்பவற்றில் பாசிப்பயறும் சாமையும் இருக்கின்றன. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். பயறு நல்ல பொருள்தானே! சுண்டல் செய்யலாம். ஆனாலும் நெல் வயலில் அது களை. விட வேண்டியவை எல்லாம் கெட்டவையாக இருக்க வேண்டும் என்று இல்லை.

ஆக, விடுதல் எதையும் இழுத்து வருவதில்லை, தடுப்பதை நிறுத்துகிறது. பர்ஸில் இருக்கும் மஞ்சள் தாள், என் கையில் இருந்த தகர டப்பா.

ஓர் எச்சரிக்கையும் இதற்குள்ளேயே இருக்கிறது. மேல் வயலில் தண்ணீர் இருந்தால்தான் வரப்பை வெட்டிப் பயன். மேட்டூரில் திறக்காத ஆண்டில் கடைமடைக்காரர் என்ன வெட்டினாலும் மண்தான் வரும். சம்பளம் வராதவரிடம், கடனில் இருப்பவரிடம், 'நீங்கள் பற்றை விடாததால்தான் செல்வம் வரவில்லை' என்று சொல்வது தத்துவம் ஆகாது, அது கொடுமை. இந்தச் சூத்திரம் வங்கிக் கணக்கைப் பற்றியதே இல்லை. அன்றாட வாழ்வுக்கு இதை நீட்டிப் பார்த்தால், பாய்வதற்குக் காத்திருக்கும் தண்ணீர் என்று நான் நினைப்பது கவனம், தூக்கம், நேரம், பிறர்மேல் உள்ள பிரியம் போன்றவற்றை. இவை பெரும்பாலும் மேல் வயலில் இருக்கின்றன. இது என் வாசிப்பு மட்டுமே, உரையில் உள்ளதல்ல.

## ரத்தினங்கள் வந்து நிற்கும் வீடு

'ஆனால் எல்லா ரத்தினங்களும் வரும் என்று பதஞ்சலியே சொல்லியிருக்கிறாரே?' என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். அது இரண்டாம் பாதத்தில் வருகிறது. திருடாமை நிலைத்தவரிடம் எல்லா ரத்தினங்களும் வந்து நிற்கும்.

மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இந்தப் பலன் திருடாமைக்குச் சொல்லப்பட்டது. அடுத்து, திருடாமை என்பதன் உட்பொருள் பிறர் பொருளில் ஆசையே எழாமை என்று உரை சொல்கிறது. ஆகவே ரத்தினம் வருவது, அதை வேண்டாதவரிடம். வேண்டும் என்று எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டவருக்கு இந்தச் சூத்திரம் உதவாது. மூன்றாவது, அந்தச் சொல். 'உபஸ்தானம்' என்றால் அருகில் வந்து நிற்பது. அவருடையதாகும் என்று சூத்திரம் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஒரு தையல்கார அக்கா இருக்கிறார். ஒரே அறை, ஒரு மிஷின், ஓர் இரும்பு பீரோ. தெருவில் யார் வெளியூர் போனாலும் நகையை ஒரு துணியில் முடிந்து அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். மே மாதத்தில் அந்தப் பீரோவுக்குள் இருக்கும் தங்கத்தைக் கணக்கிட்டால் அடகுக் கடைக்காரரே அசந்துபோவார். அக்காவின் காதில் இருப்பது கவரிங். சூத்திரம் சொல்லும் 'வந்து நிற்பது' இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாம் பாதம் இன்னும் கறாரானது. பயிற்சியில் வரும் அற்புத சக்திகளே சமாதிக்கு, அதாவது மனம் முழுவதும் ஒன்றிலேயே அடங்கும் நிலைக்கு, இடையூறு என்கிறது. தேவர்களே வந்து அழைத்தாலும் ஒட்டிக்கொள்ளாதே, 'என்னை அழைத்தார்கள் பார்' என்று பெருமிதமும் கொள்ளாதே என்கிறது. வந்து நிற்பதையும் பிடிக்காமல் இருக்க வேண்டும்.

## வீசம்கூட ஆகாது

பிறகு நிறைவு எங்கேதான் இருக்கிறது? சந்தோஷம் என்ற சொல்லில். கைவசம் உள்ள சாதனத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள விரும்பாமை என்று உரை அதை விளக்குகிறது. அதன் பலனைச் சூத்திரம் மூன்று சொற்களில் முடிக்கிறது: சந்தோஷத்தால் நிகரற்ற சுகம். உரையாசிரியர் இங்கே ஒரு பழைய சுலோகத்தைக் கொண்டுவருகிறார். உலகத்து இன்பத்தையும் சொர்க்கத்துப் பேரின்பத்தையும் சேர்த்து வைத்தாலும், தாகம் தீர்ந்த சுகத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு ஈடாகாதாம். நம் பழைய கணக்கில் பதினாறில் ஒன்று வீசம். வீசம்கூட ஆகாது.

அப்படியானால் வேலை தேட வேண்டாமா, சம்பள உயர்வு கேட்க வேண்டாமா? தாராளமாகக் கேட்கலாம். சித்தப்பா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, நடுராத்திரியில் மண்வெட்டியோடு போனார். சந்தோஷம் வேலையை நிறுத்தச் சொல்வதில்லை. அந்த வீட்டைக் கேட்ட அம்மாளும் வீட்டுக்குப் பணம் சேர்க்கட்டும். ஆனால் வீடு வரும்வரை வாழ்க்கை தொடங்காது என்று இருந்துவிட்டால், இருக்கும் வாடகை வீட்டில் அவர் குடியிருக்கவே இல்லை.

திருமூலரும் எட்டங்க யோகம் பாடியிருக்கிறார். அவருடைய இயமப் பட்டியல் பதஞ்சலியுடையதைவிட நீளமானது. கொல்லான், பொய் கூறான், களவிலான் என்று போகிற அந்தப் பாட்டில் 'பகுத்துண்பான்' என்று ஒரு குணம் வருகிறது. பிடிக்காமல் இருப்பது ஒரு படி என்றால், இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடுவது அதற்கு அடுத்த படி. நிறைவைப் பற்றிப் பேசுகிற வகுப்புகளில் இந்தச் சொல் காதில் விழுவதே இல்லை.

## எங்கே தொடங்குவது?

உடலில் தொடங்கலாம். தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். இரண்டு நிமிடம் கழித்துத் தோள்களைக் கவனியுங்கள். காதை நோக்கி அரை அங்குலம் ஏறியிருக்கும், நீங்கள் ஏற்றியதே தெரிந்திருக்காது. கவனித்ததும் இறங்கும். இறக்குவதற்குத் தனி முயற்சி தேவைப்படவில்லை, தூக்கிப் பிடித்திருந்த முயற்சி நின்றது. ஆசனம் கைகூடும் வழியாகப் பதஞ்சலி சொல்வதும் முயற்சியைத் தளர்த்துவதைத்தான்.

பிறகு ஏதாவது ஒரே ஒரு விஷயம். வள்ளுவர் 'யாதனின் யாதனின் நீங்கியான்' என்று இரண்டு முறை சொல்வதில் ஒரு நிதானம் இருக்கிறது. எது எதிலிருந்து விலகினானோ, அது அதனால் வரும் துன்பம் மட்டும் இல்லை. மொத்தமாக விட வேண்டிய கட்டாயம் இல்லை, விட்ட அளவுக்குக் கணக்கு உடனே நேராகிவிடுகிறது. வாரத்தில் ஒருநாள் காலைக் காபியை அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள். குடிக்கலாம், ஆனால் அந்த அரை மணி நேரத்தில் மனம் எத்தனை முறை சமையலறைக்குப் போய்வருகிறது என்று எண்ணுங்கள். எனக்கு முதல் வாரம் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

மஞ்சள் தாள் இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது, ரேஷன் கார்டுக்குப் பின்னால். இந்தக் கட்டுரையை எழுதும்போது இரண்டு முறை வெளியே எடுத்தேன். மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கிறது. குப்பைக்கூடை காலடியில்தான் இருந்தது. இரண்டு முறையும் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.